கொக்கத்தடி இப்ப எந்த வீட்டிலை?

2022 ஆனி மாதம். வேலை முடிந்து வரும்போது திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி முருங்கையிலை வாங்கினேன். குசினி மேசையில் வைத்ததும் அம்மா அதைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"முருங்கையிலையும் காசுக்கு வாங்கிற காலம் வந்திட்டுதே பிள்ளை?"

கோபமாகச் சொல்லவில்லை. இலையை உருவத் தொடங்கிவிட்டா. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. காரணம், எங்கள் வீட்டு முருங்கையை வெட்டச் சொன்னது நான்.

கோண்டாவிலில் எங்கள் வளவுக்கு 2012 வரைக்கும் வேலிதான். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, இடையிடையே முருங்கைக் கதியால். வேலியில் முசுட்டை படர்ந்திருக்கும், மூலையில் தூதுவளை. கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பின காசில் மதில் கட்டத் தொடங்கியபோது, அத்திவாரம் வெட்ட இடைஞ்சல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தறித்தோம். வடிவான மதில். அதற்குப் பிறகுதான் நாங்கள் கீரை வாங்கத் தொடங்கினோம் என்பது பத்து வருடம் என் புத்தியில் ஏறவே இல்லை. கீரைக்கு மட்டும் என்றில்லை. வேலியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்குப் போக ஒரு பொட்டு, வேலியில் ஆள் புகுந்து போகிற இடைவெளி, இருந்தது. அதற்குள்ளால் கறிவேப்பிலை வரும், உறைமோர் வரும், தேங்காய்ப் பாதி போகும். மதிலுக்குப் பொட்டு கிடையாது.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மாசியில் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் வைகாசியில் 360 ரூபாய். ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனது. புரட்டாதியில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம் என்றார்கள். என்னுடையதும் என் கணவருடையதுமான இரண்டு சம்பளமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நித்திரை வராத அந்த இரவில் மகளின் பாதி எழுதின சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் கோடு கீறினேன். இடப்பக்கம் அந்த மாதம் காசு கொடுத்து வாங்கின ஒவ்வொன்றும். வலப்பக்கம் ஒரேயொரு கேள்வி: இது முந்தி எப்படிக் கிடைத்தது? 'எதைக் குறைக்கலாம்' என்று கேட்டிருந்தால் பிள்ளைகளின் பாலில்தான் கை வைத்திருப்பேன். இந்தக் கேள்வி வேறு இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனது. சில வரிகளுக்கு வலப்பக்கம் வெறுமையாகவே நின்றது. மின்கட்டணம், பருப்பு, மாப்பைக்கற்று எல்லாம் காசுக்குத்தான். ஆனால் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பதில் எழுத முடிந்தது. அதுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

முதலில் முருங்கை. மாமி வீட்டிலிருந்து கைமொத்தத்தில் நாலு கதியால் வாங்கிவந்து மதிலின் உட்பக்கமாக நட்டேன். மழைக்கு முன் நட்டால் போதும், அது தன்பாட்டில் பிடிக்கும். தைப்பொங்கலுக்கு வறை வறுக்க இலை இருந்தது. முருங்கையிலையை உருவ நேரமில்லை என்று வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வது உண்மைதான். அம்மா அதற்கு ஒரு வழி காட்டினா. முதல்நாள் இரவு கொப்போடு முறித்து, பழைய சீலைத்துண்டில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட வேண்டும். காலையில் சீலையை உதறினால் இலை தானாக உதிர்ந்து கிடக்கும், ஈர்க்கு மட்டும் கையில் வரும். பிறகு சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ. பத்து நிமிட வேலை. மாரியில் மரம் முழுக்க மயிர்க்கொட்டி ஏறும். இவர் தடி நுனியில் துணிப்பந்தம் கட்டிச் சுட்டார். அந்த ஒரு கிழமை யாரும் மரத்தடிக்குப் போவதில்லை.

முசுட்டை திரும்ப வரவில்லை. அதற்கு வேலிதான் வேண்டும்போல. மதிலில் கம்பி கட்டி ஏற்றிப் பார்த்தேன், வெக்கைக்குக் கருகிவிட்டது. பூவரசும் போனதுதான். அந்தக் குழையைத்தான் எங்கள் அப்பு தோட்டத்தில் தாட்டுப் பசளையாக்குவார்.

அடுத்தது அடுப்பு. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பின மூன்றாவது நாள், அம்மா கொல்லைப்புறம் போய்ப் பழைய அடுப்புக்கல்லைக் கழுவிக்கொண்டு வந்தா. எரிக்க என்ன இருக்கிறது என்று தேடினால் வளவு முழுக்க இருந்தது. பொச்சு, சிரட்டை, பன்னாடை, காய்ந்த மட்டை, கொக்காரை. இவ்வளவு நாளும் கூட்டி அள்ளிப் பிரதேசசபை வண்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குப் பின்வளவில் மூன்று பனை. ஒழுங்கை முடிவில் வெளிநாட்டுக்காரரின் வெறுங்காணியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆவணி, புரட்டாதியில் பழம் விழுந்து கிடக்கும், மாடு சூப்பிப்போட்டு விதையைத் தள்ளிவிடும். காணியைப் பார்க்கிற ஐயாவிடம் கேட்டேன். "எடுங்கோ பிள்ளை, சும்மா கிடந்து முளைக்குது" என்றார். மகனும் நானும் இரண்டு சனிக்கிழமை உரப்பையில் பொறுக்கி, மண்ணை உயர்த்திப் பாத்தி போட்டு அடுக்கினோம். நாற்பது நாள் போல் போக மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு விதையைக் கிளறி எடுத்துக் கொடுவாக்கத்தியால் பிளந்தோம். உள்ளே வெள்ளைப் பஞ்சுபோல், பூரான் என்கிற தின்னக்கூடிய பகுதி. அவன் பன்னிரண்டு வயதில் முதன்முதலாக அதைத் தின்றான். "இது கடையிலை விக்கிறதில்லையோ அம்மா?" என்று கேட்டான். தை கடைசியில் கிழங்கு கிண்டினோம். அவித்துத் தின்றதுபோக மீதியைப் பிளந்து காயவிட்டு ஒடியல், அவித்துக் காயவிட்டது புழுக்கொடியல். ஒடியல் மாவில் இரண்டு தரம் கூழ் காய்ச்சினோம். கிழங்கைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற ஊமல் மூன்று உரப்பை வந்தது. பொச்சு ஒரு நிமிடத்தில் எரிந்து முடியும், ஊமல் தணல் பிடித்தால் நின்று எரியும், கரியாக்கி வைத்தால் இஸ்திரிப்பெட்டிக்கும் உதவும். விழுந்த பழத்துக்கு யாருக்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. ஐயாவுக்கு ஒரு கட்டுப் புழுக்கொடியல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் அம்மாவிடம் பெருமையோடு சொன்னேன், தொண்ணூறுகளில் எங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலையல்லவா என்று. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஜாம் போத்தல் அடியில் பஞ்சு, அதில் சொட்டு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி, அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். சவர்க்காரம் வாங்க முடியாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம், சைக்கிளைக் கவிட்டு வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "அது கெட்டித்தனமில்லை பிள்ளை. வேறை வழி இல்லாமல் செய்தது. அதைப் பெருமையாச் சொல்லாதை." அன்றிலிருந்து சொல்வதில்லை. எனக்கு இன்று வழி இருக்கிறது. காஸ் வந்ததும் காஸ் வாங்கினோம். காலை அவசரத்துக்குக் காஸ், மத்தியானச் சோறும் சுடுதண்ணீரும் விறகு. சிலிண்டர் இரண்டு மடங்கு நாள் நிற்கிறது.

கொப்பியில் மிகப் பெரிய வரி சாப்பாடு இல்லை, ரியூசன். மகள் அப்போது பத்தாம் ஆண்டு. ஐந்து பாடத்துக்கு வகுப்பு, மாதம் 9,500 ரூபாய், போக்குவரத்து வேறு. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்னும் இருக்கிறது, 1980இலிருந்து பாடநூலும் சும்மா தருகிறார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டிப் போகிறார்கள். வலப்பக்கக் கேள்வியை இதற்கும் போட்டேன். நான் படித்தபோது எப்படிப் படித்தேன்? ஒழுங்கையில் ஒரு ரீச்சர் விறாந்தையில் பாய் விரித்துச் சொல்லித் தந்தா. மாலைகளில் வாசிகசாலை. அவ்வளவுதான்.

ரீச்சர் இன்றும் இருக்கிறா. ஓய்வுபெற்றுப் பதினைந்து வருடம். நான் போய் வாயெடுக்கவே கூச்சமாயிருந்தது. காசு கொடுக்க வழியில்லை என்று ஒருவரிடம் சொல்ல யாழ்ப்பாணத்தில் எவ்வளவு மனது வேண்டும் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மானம் போகிறதே என்று ஒழுங்கையில் இரண்டு தரம் திரும்பி நடந்தேன். ரீச்சர் கேட்டது ஒன்றுதான்: "ஏன் இவளவு நாளும் கூட்டிக்கொண்டு வரேல்லை?" ஒரு பிள்ளை போய், நாலு பிள்ளையானது. செவ்வாய், வியாழன் கணிதம். நாங்கள் நாலு வீடும் முறைவைத்து ரீச்சருக்கு மீன் வாங்கிக் கொடுக்கிறோம், மின்சாரக் கட்டணத்தைக் கைத்தொலைபேசியில் கட்டிவிடுகிறோம், கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கணக்குப் பார்த்தால் அதற்கும் செலவு உண்டு. பார்ப்பதில்லை.

மற்றப் பாடங்களுக்கு என்ன செய்தோம் என்று நிறையப் பேர் கேட்டதால் விபரமாகவே எழுதுகிறேன். பாடநூல் கிழிந்தால் வாங்க வேண்டாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லா வகுப்புக்கும் தமிழிலேயே இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் கைந்நூல்கள் கிடைக்கும். அவை ஆசிரியர்களுக்கு என்றாலும் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி, எந்த அலகில் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது அதிலேதான் தெளிவாகத் தெரியும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளத்தில் பாடங்கள் உண்டு. பிறகு நூலகம் டொட் ஓர்க். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கின எண்ணிம நூலகம், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதமும் கேட்பதில்லை. மகள் தமிழ் இலக்கியத்துக்கு உரைநூல் தேடப்போய், தன் அம்மம்மா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மலர் ஒன்றைக் கண்டெடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலிருந்த ஒரு படத்தை அரை மணித்தியாலம் பார்த்தா.

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது. 1981இல் எரித்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. திரும்பக் கட்டி 2003இல் திறந்தார்கள். இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், வருடாவருடம் பேசுகிறோம். ஆனால் எத்தனை பேர் உள்ளே போய் இருந்து படிக்கிறோம்? நானே 2003க்குப் பிறகு விருந்தாளிகளுக்குக் காட்டத்தான் போயிருக்கிறேன். மகளோடு முதல்முறை போனபோது வாசிப்பு மேசையில் நான் பத்திரிகைகளைப் பார்த்தேன், அவள் கடந்தகால வினாத்தாள்களைச் செய்தாள். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், சத்தம் இல்லை. வீட்டில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பத்திரிகையை அன்றோடு நிறுத்திவிட்டு ஞாயிறுப் பத்திரிகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஐந்து வகுப்பில் மூன்றை நிற்பாட்டினோம். விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் நிற்பாட்ட மனம் வரவில்லை. மகள் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சிநேகிதிகள் எல்லாரும் அங்கேதானே. அந்தத் தவிப்பு எனக்கு விளங்கியது, அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. ஓ.எல்.லில், அதாவது சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்துக்கு பி வந்தது. ரியூசனுக்குப் போயிருந்தால் ஏ வந்திருக்குமா என்று கேட்கிற உறவுக்காரர் இருக்கிறார்கள். வந்திருக்கலாம்.

வைத்தியச் செலவில்தான் நான் கூடுதலாகப் பிழைவிட்டிருந்தேன். அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் தனியார் மருத்துவமனை ஒன்றில் சனலிங், காசு கட்டி விசேட வைத்தியரைப் பார்ப்பது. அங்கே ஒருதடவை, முதல் கிழமை வேறிடத்தில் செய்த இரத்தப் பரிசோதனையை ஏற்றுக்கொள்ளாமல் அத்தனையையும் திரும்பச் செய்வித்தார்கள். காசு கட்டிவிட்டு வெளியே வந்து வாங்கிலில் இருந்து அழுதேன். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அதே பரிசோதனை, அதே மருந்து, சும்மா. காலை ஆறு மணிக்குப் போய் இலக்கம் எடுக்க வேண்டும், மத்தியானமாகும். அதற்கு ஒரு நாள் லீவு போடுகிறேன். 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு, சில குளிசைகளை வெளியே வாங்க வேண்டியிருந்தது, அதை மறைக்கவில்லை. முழங்கால் வலிக்குக் கைதடிச் சித்த போதனா வைத்தியசாலையில் எண்ணெய் தருகிறார்கள். அம்மா அந்த மணத்தில் பாதி வலி போகுது என்பா.

எல்லாரும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது 1990 என்ற தொலைபேசி இலக்கம். சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ் சேவை. தெற்கில் 2016இல் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. 2023 மாசியில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. முந்தியென்றால் ஒழுங்கை முகப்பு வான்காரரை எழுப்பி, இரவு என்பதால் அவர் சொல்கிற காசைக் கொடுத்துப் போவோம். அன்று மகள்தான் 1990ஐ அழுத்தினாள். தமிழிலேயே கதைத்தார்கள். வான் என்றால் வெறும் வான்தான், இதற்குள்ளே ஒட்சிசன் இருக்கிறது, பயிற்றப்பட்டவர் இருக்கிறார். அம்மாவின் மூக்கில் குழாயை வைத்து, "பயப்பிடாதேங்கோ ஆச்சி, மெல்ல மூச்சு எடுங்கோ" என்று அந்தப் பெடியன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். காசு என்ற பேச்சே எழவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு இந்த இலக்கம் தெரியாமல் இருந்தது. அடுத்த நாளே போய்ச் சொன்னேன்.

ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய தவறு செய்யப் பார்த்தேன். தண்ணீர்க் கான் வாங்குவதை நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம் என்று தீர்மானித்தேன். அப்போது தங்கை ஐந்து மாதக் குழந்தையோடு வீட்டில் நின்றாள். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேறு விஷயமாக வந்தவர், குழந்தையைக் கண்டுவிட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள் என்று சொன்னார். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, உள்ளதெல்லாம் மழை இறங்கிக் கல்லுக்குள் தேங்குகிற தண்ணீர். மேலே தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியும் அதே தண்ணீருக்குள்தான் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைதான் ஏற்கிறது. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். அந்தக் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கால் நடுங்கியது. அன்று பின்னேரமே கான் வாங்கினோம். இன்றும் குடிக்கிற தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். கிணறு குளிக்க, தோய்க்க, மரத்துக்கு ஊற்ற.

சின்னச் சின்னதாகவும் சில. கணினியில் களவாகப் போட்ட மென்பொருளும் அதைத் துப்பரவாக்கக் கடைக்குக் கட்டின காசும் போய், லிப்ரே ஆஃபிஸ் போட்டோம், தமிழ் யூனிகோட்டில் நன்றாகவே எழுதலாம். இவர் ஜிம்முக்குப் போனதை விட்டுப் பின்னேரங்களில் பண்ணைக் கடற்கரையில் நடக்கிறார், நானும் போகிறேன், கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நாங்கள் இருவரும் கதைத்தது இந்த நடையில்தான் கூட. கலியாண வீட்டுக்கு மச்சாள்மார் நாங்கள் சாறியை மாற்றிக் கட்டுகிறோம். முதல் தடவை ஒருவர் மண்டபத்திலேயே "இது அவவின்ரை சாறியெல்லோ" என்றார். "ஓம், அவவின்ரைதான், வடிவாயிருக்கே?" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் போய்ச் சாப்பிட்டு வந்தால் ஒருநேரச் சமையல் மிச்சம் என்று ஒரு சிநேகிதி சொன்னா. அன்னதானக் கந்தன் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, உண்மை. ஆனால் அதை நான் கொப்பியின் வலப்பக்கத்தில் எழுதமாட்டேன். அந்தப் பந்தியில் இருக்கிற சிலருக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு. நாங்கள் போகிறபோது மரக்கறி வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இருப்போம்.

இப்போது கொப்பி மூன்றாவது. கேள்வியும் கொஞ்சம் மாறியிருக்கிறது, எங்கள் வீட்டில் சும்மா கிடப்பது யாருக்குத் தேவை என்றும் ஒரு வரி எழுதுகிறேன். அப்படித்தான் கொக்கத்தடி, மரத்தில் காய் ஆய்கிற கொக்கை கட்டின நீளத் தடி, வந்தது. எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டிலும் மாமரம் நிற்கிறது, மூன்று வீட்டில் முருங்கை. உயரக் கொக்கத்தடி எங்களிடம் மட்டும், அதுவும் அப்பு காலத்து மூங்கில். மாமி வீடு புதிதாக அலுமினியத் தடி வாங்கப் போவதாகச் சொன்னபோது, இதை எடுங்கோ மாமி என்று மதிலுக்கு மேலால் நீட்டினேன். அதிலிருந்து அது ஒரு வீட்டில் நிற்பதில்லை. போகும்போது வெறுந்தடியாகப் போகும், வரும்போது கொக்கையில் ஒரு பை தொங்கும். நாலு மாங்காய், ஒரு கட்டு வல்லாரை, ஒருமுறை ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

மதிலை உடைத்து ஒரு சின்னப் படலை வைப்போமா என்று இவர் கேட்டிருக்கிறார். மேசன் கூலி கேட்டுப் பார்த்தோம், இப்போதைக்கு இயலாது. இன்றைக்குக் காலையில் முருங்கைக்காய் பிடுங்கத் தடியைத் தேடினால் காணவில்லை. மாமியைக் கூப்பிட்டேன். அவ ரீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டா. அங்கிருந்து ஏதோ பதில் வந்தது. "பின்னேரம் வருமாம் பிள்ளை, அவைக்கு இன்னும் மாங்காய் ஆய்ஞ்சு முடியேல்லையாம்."

பருப்போடு சமாளித்துவிட்டேன்.